தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

மான்செஸ்டர்
நவம்பர் மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் தம்பி அடுத்த செப்டம்பரில் இங்கே பொருளியலும் நிதியியலும் படிக்க வரப்போகிறான், முதல் வருஷத்தை நினைத்து இப்போதே பயப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். நேற்று லண்டனில் ஒரு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ஆனாலும் அவன் கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கணக்குதான் முதல் அதிர்ச்சி. பட்ஜெட், பங்குச் சந்தை, வட்டி விகிதம் என்று செய்தித்தாள் விஷயங்களைப் பேசப்போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் வருகிறார்கள். வந்த வேகத்திலேயே எதிரே நிற்பது வகை நுண்கணிதம். இன்னும் ஒரு பொருளைத் தயாரிக்க எவ்வளவு செலவாகும், அந்த ஒன்றை விற்றால் எவ்வளவு வரும், இரண்டும் எங்கே சமமாகும் என்று நுண்பொருளியலில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த ‘இன்னும் ஒன்று’ கணிதத்தில் வகைக்கெழுவாக வந்து நிற்கிறது. அதன் பின்னாலேயே பகுதி வகையிடல், லக்ராஞ்சி பெருக்கி, அணிகள் எல்லாம் வரிசை கட்டும். நம் ஊரில் காமர்ஸ் குரூப்பில் கணினிப் பயன்பாடு எடுத்த பிள்ளைகள் ப்ளஸ் டூவில் கணிதத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இங்கே பல பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் உண்டா என்று பார்த்துத்தான் இடம் தருகின்றன. உன் தம்பி அதைத் தாண்டிவிட்டான் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

நிதியியல் இவ்வளவு பயமுறுத்தாது. ஐந்து வருஷம் கழித்துக் கைக்கு வரும் ஒரு லட்சம் ரூபாய்க்கு இன்றைக்கு என்ன மதிப்பு? அங்கேதான் பாடம் தொடங்குகிறது. வட்டி 8 சதவீதம் என்றால் சுமார் 68,000 ரூபாய். கடன் பத்திரத்துக்கு விலை போடுவதும், தொழிற்சாலை கட்டலாமா என்று முடிவெடுப்பதும், பங்குக்கு மதிப்புப் போடுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. நம் அம்மாக்கள் ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கும்போது போடுவதும் இதே கணக்குதானே? இதை ஒருநாள் டியூட்டோரியல் வகுப்பில் சொன்னேன். ஆசிரியை உடனே பலகையில் சீட்டுத் தொகை, மாதத் தவணை, தள்ளுபடி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி விகிதத்தைக் கண்டுபிடியுங்கள் என்று வகுப்பிடம் விட்டுவிட்டார். அன்று வகுப்பில் எல்லோருமே பேசினார்கள். மற்ற நாட்களில் டியூட்டோரியலில் நிலவும் மௌனம் எனக்குத் தாங்காது. நூற்றுக்கணக்கானோர் உட்காரும் விரிவுரையில் கேட்க முடியாத சந்தேகத்தைக் கேட்பதற்காகவே பத்துப் பதினைந்து பேரை மட்டும் உட்காரவைக்கிறார்கள். அங்கேயும் குனிந்தபடி இருந்துவிட்டுப் போனால் கட்டிய பணம் வீண். தம்பி வாயைத் திறக்க வேண்டும்.

வருஷத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று வைத்திருப்பதால் மொத்தம் 1,200 மணி நேரம். அதில் வகுப்பு என்று நடப்பது சிறு பங்குதான், மீதியெல்லாம் அவன் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. 40 எடுத்தால் பாஸ், 70 எடுத்தால் முதல் வகுப்பு. 68 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா பதறக் கூடாது, இப்போதே சொல்லி வை. முதல் வருஷ மதிப்பெண் பட்டத்தின் வகுப்பில் சேராது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது, கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் அந்த மதிப்பெண்ணைத்தான் கேட்பார்கள்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் வேறொன்று உண்டு. முதல் வருஷப் பிள்ளைகளுக்கென்றே லண்டன் வங்கிகள் வசந்த காலத்தில் ஒரு வாரப் பயிற்சி வைக்கின்றன. அதற்கு இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் நூலகத்துக்கு வழிகூடத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் விண்ணப்பம் நிரப்புகிறார்கள். வேலை தேடுவது தப்பில்லை. ஆனால் ஒரு பாடம் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அவகாசத்தையே அது தின்றுவிடுகிறது.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன்.

படிப்பு வார விடுமுறையில் ரயிலேறி லண்டன் போனேன். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து அந்த நீளமான சுரங்கப்பாதையில் நடந்தால் அறிவியல் அருங்காட்சியகம் வந்துவிடும். அனுமதி இலவசம். கணிதக் கூடத்தில்தான் அது நிற்கிறது. ஆளை விட உயரம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டிகள், குழாய்கள், வால்வுகள், கப்பிகள், மேலே வரைபடம் போடுவதற்குப் பேனாக்கள். பில் பிலிப்ஸ் என்ற நியூஸிலாந்துக்காரர் 1949-இல் உருவாக்கிய இயந்திர வகை இது. பொறியியல் தெரிந்த மனிதர். போரில் ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டுக் கைதியாக இருந்தவர். பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சமூகவியல் படிக்கவந்து, பொருளியல் பாடத்தில் சொல்வதைத் தண்ணீரால் ஓட்டிக் காட்டலாமே என்று குரோய்டனில் ஒரு வீட்டுக் கராஜில் உட்கார்ந்து முதல் இயந்திரத்தைக் கட்டினார். பழைய குண்டுவீச்சு விமானத்தின் உதிரிப் பாகங்கள்கூட அதற்குள் போயின. கட்டுவதற்குத் துணை நின்றவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்து வால்டர் நியூலின். அந்த முதல் இயந்திரம் லீட்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

நாட்டு வருமானம் வண்ணத் தண்ணீராக மேலிருந்து இறங்குகிறது. வழியில் வரி ஒரு பக்கம் பிரிகிறது, சேமிப்பு இன்னொரு பக்கம், இறக்குமதி வெளியே போகிறது. அரசுச் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் திரும்ப வந்து கலக்கின்றன. அடியில் சேர்ந்த தண்ணீரைப் பம்பு மறுபடி மேலே ஏற்றுகிறது. நான் பார்த்தபோது தண்ணீர் ஓடவில்லை. கேம்பிரிட்ஜில் இருப்பதைப் பழுதுபார்த்து ஓடவிட்டிருக்கிறார்கள், அதை ஒருநாள் பார்த்தே தீர வேண்டும்.

ஓடாத இயந்திரத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. பெருக்கி என்ற பாடத்தை நினைத்துக்கொண்டே நின்றேன். அரசு 100 பவுண்டு கூடுதலாகச் செலவிடுகிறது, வாங்கியவர் அதில் 80-ஐச் செலவிடுகிறார், அடுத்தவர் 64-ஐ. இப்படியே கூட்டினால் 500. வகுப்பில் இது ஒரே வரிச் சூத்திரம்: ஒன்றை 0.2-ஆல் வகுத்தால் ஐந்து, முடிந்தது. வரைபடத்திலும் ஒரு கோடு நகர்ந்தால் புதுச் சமநிலை பட்டென்று வந்துவிடுகிறது. இந்தக் குழாய்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: 100 முதலில் 80 ஆக வேண்டும், 80 பிறகு 64 ஆக வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வேலை போன ஒருவன் காத்துக்கொண்டு நிற்பான். எங்கள் வரைபடத்தில் அவன் இல்லை. பிலிப்ஸ் காட்ட விரும்பியதே இந்த நேரத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

பின்னாளில் நோபல் வாங்கிய பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் இதுபோன்ற இரண்டு இயந்திரங்களை இணைத்து இரண்டு நாடுகளாக்கி, மாணவர்களில் ஒருவரை நிதியமைச்சராகவும் இன்னொருவரை மத்திய வங்கித் தலைவராகவும் வைத்து ஓட்டுவாராம். ஆளுக்கொரு பக்கம் திருகினால் தண்ணீர் என்ன பாடுபட்டிருக்கும்!

1958-இல் அதே பிலிப்ஸ், பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையான கூலி, வேலையின்மை விவரங்களை வைத்து ஒரு வளைகோடு வரைந்தார். வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும் என்பது அதன் சாரம். உன் தம்பி அதை முதல் வருஷமே படிப்பான். 1970-களில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறி அதை ஆட்டங்காண வைத்த கதையையும் படிப்பான். முதல் வருஷத்தில் கிடைக்கும் பெரிய படிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்: ஒவ்வொரு மாதிரியையும் முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அது எதை விட்டுவிட்டது என்றும் கேட்க வேண்டும். அந்த இயந்திரத்தில் உன் அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைப்பதற்குக் குழாய் இல்லை. அதே சமையலுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் நாட்டு வருமானம் கூடும். யாருடைய தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியும் அதில் இல்லை. 2008 நெருக்கடிக்குப் பிறகு இந்த மான்செஸ்டரிலேயே மாணவர்கள் சங்கம் அமைத்து, எங்களுக்கு ஒரே விதமான பொருளியலை மட்டும் ஏன் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆனால் வகையிடலைப் படிக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

தம்பிக்கு இரண்டு வேலை சொல். ப்ளஸ் டூ கணிதத்தில் வகை நுண்கணித அத்தியாயங்களை ஆகஸ்டுக்குள் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். கோர் என்ற பொருளியல் கல்வித் திட்டத்தார் வெளியிட்ட ‘தி எகானமி’ என்ற பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பதிப்பின் முதல் அத்தியாயம் பயணி இபின் பதூதா கண்ட வங்காளத்தின் செழிப்பில் தொடங்குகிறது. அதை மட்டுமாவது படித்துவிட்டு விமானம் ஏறட்டும். விசா, குளிருக்கான துணிமணி பற்றித் தனியாக எழுதுகிறேன். அவனுடைய சந்தேகங்களை அவனையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
உன் தோழி