மணி முந்தியது, மன்றாட்டு பிந்தியது

காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கோவில் மணி மும்மூன்றாக மூன்று முறை ஒலிக்கும். பிறகு விடாமல் சற்று நேரம் அடிக்கும். அதைக் கேட்டுக் கத்தோலிக்கர் சொல்வது திரிகால செபம். வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னது முதலில், அடியவளுக்கு அப்படியே ஆகட்டும் என்ற மரியாவின் பதில் அடுத்து, வாக்கு மனிதரானது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மரியாவை வாழ்த்தும் ஒரு மங்கள வார்த்தை செபம். மூன்றாவதற்கு முழங்கால் தாழும். ஒரு சிறு மன்றாட்டோடு எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தனை கச்சிதமான ஒன்றை யாரோ ஒரு முனிவரோ திருத்தந்தையோ உட்கார்ந்து வகுத்திருப்பார் என்றுதான் எண்ணத் தோன்றும். அந்த ஒருவரைத் தேடித்தான் நானும் பழைய சான்றுகளுக்குள் போனேன். கிடைத்தவை வெவ்வேறு காரணத்துக்காக அடித்த மூன்று மணிகள்.

மூத்தது மாலை மணி. மரமும் கூரையுமாக நெருங்கிக் கிடந்த இடைக்கால ஐரோப்பிய ஊர்களில், இரவில் அடுப்பை அணைத்து மூடச் சொல்லி மணி அடிப்பது வழக்கம். ஊரடங்கைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கே ‘நெருப்பை மூடு’ என்றுதான் பொருள். அந்த மாலை ஓசையில் மும்முறை மரியாவை வாழ்த்தும் பழக்கம் 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் வழியே பரவியது என்பது மரபு. திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் பிரான்சின் சேந்த் நகரில் நிலவிய இப்பழக்கத்தை 1318இல் அங்கீகரித்தார். காலை மணிக்கான பழைய சான்றும் அதே 1318ஆம் ஆண்டுதான்: இத்தாலியின் பார்மா நகரக் குறிப்பேடு. அங்கே விடியலில் அடித்தது கோவில் மணியல்ல, நகர மணி. அதைக் கேட்பவர்கள் அமைதி நிலைக்க வேண்டி மும்முறை ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’யும் மங்கள வார்த்தையும் சொல்லும்படி ஆயர் கேட்டுக்கொண்டார். அதனால் அதற்கு அமைதி மணி என்றே பெயர் வந்தது.

மூன்றாவது மணியின் கதையில்தான் சிக்கல் அதிகம். துருக்கியப் படையைப் பெல்கிரேடில் முறியடித்த வெற்றிக்கு நன்றியாகவே நண்பகல் மணி அடிக்கிறது என்பது ஹங்கேரியில் இன்றும் சொல்லப்படும் செய்தி. தேதிகள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. மணியடித்து மன்றாடச் சொல்லித் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து ஆணையிட்டது 1456 சூன் 29; பெல்கிரேடில் வெற்றி கிடைத்தது சூலை 22. ஆணை பிறந்தது அச்சத்தில். வெற்றிச் செய்தி அதன்மேல் பிறகு வந்து படிந்தது. அந்த ஆணை குறித்த நேரமும் சரியாக நண்பகல் அல்ல, பிற்பகல். பிரான்சில் பதினோராம் லூயி மன்னர் நண்பகல் மணியை நாட்டின் அமைதிக்கான மன்றாட்டாக ஆக்கியது அதற்குப் பின்னால். ஆக ஒரு மணி தீக்குப் பயந்து, ஒன்று ஊர்க் கலகத்துக்குப் பயந்து, ஒன்று படையெடுப்புக்குப் பயந்து. மூன்றும் ஒரே செபமாக இறுகி இன்றைய வடிவுக்கு வர 16ஆம் நூற்றாண்டு ஆயிற்று. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: அன்றாடச் செபம் மக்களிடம் போய்த் தனக்கென்று ஒரு நேரம் கேட்கவில்லை. ஊர் ஏற்கெனவே காது கொடுத்துக்கொண்டிருந்த ஓசையில் வந்து குடியேறியது.

விவிலியம் தெரிந்தவர் இங்கே மறுப்பார். தானியேல் நாளுக்கு மூன்று முறை எருசலேம் நோக்கி மண்டியிட்டார். 55ஆம் திருப்பாடல் மாலை, காலை, நண்பகல் என்றே வரிசைப்படுத்துகிறது. தொடக்கத் திருச்சபையின் ‘திதாக்கே’ நூலும் கிறிஸ்து கற்பித்த செபத்தை நாளுக்கு மும்முறை சொல்லச் சொல்கிறது. அப்படியிருக்க, தீ மணியும் படை மணியும் எதற்கு? மறுப்பில் உண்மை உண்டு. மூன்று வேளை என்ற நினைவு திருச்சபையிடம் முன்பே இருந்தது. ஆனால் அதை முழுமையாகக் கடைப்பிடித்தவர்கள் துறவியர். புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை. வாரத்துக்குள் 150 திருப்பாடல்களும் சொல்லி முடிய வேண்டும். அதற்கு நூல் வேண்டும், எழுத்தறிவு வேண்டும், உழவு மாட்டை யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நினைவைக் காத்தது மடம். அதை வயலுக்குக் கொண்டுவந்தது மணி.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: வேளை தவறாமல் அதே சொற்களை ஒப்பிப்பது, பிதற்றவேண்டாம் என்று இயேசு எச்சரித்த செயல்தானே? மத்தேயு நற்செய்தி அந்த இடத்தில் குறை சொல்வது, மிகுதியான சொற்களால் இறைவனை இணங்கவைக்கலாம் என்ற எண்ணத்தை. இரண்டு நிமிடச் செபத்தில் அந்த எண்ணத்துக்கு இடம் குறைவு. இன்னொரு சான்றும் உண்டு. மங்கள வார்த்தையின் பின்பாதி, பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் பகுதி, உரோமைத் திருப்புகழ்மாலை நூலில் இன்றைய வடிவில் இடம்பெற்றது 1568இல். 1318இல் மாலை மணி கேட்டவர்கள் சொன்னது பெரும்பாலும் முன்பாதி மட்டும். லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்த வெறும் வாழ்த்து. நாள் முழுக்க உழைத்தவர்கள் எதையும் கேட்காமல் மூன்று முறை வாழ்த்திவிட்டு அடுப்பை மூடினார்கள். இதைப் பேரம் என்று யார் சொல்வது?

நம் கடற்கரையிலும் இதே தடம் தெரிகிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம், செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரைச் சுற்றிச் சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்ததைச் சொல்கிறது. சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும். அது திரிகால செபமல்ல. ஆனால் இங்கும் செபம் மணியின் பின்னால்தான் வீட்டுக்குள் போனது. பழைய தமிழ் மங்கள வார்த்தை செபத்தில் ‘பிரியதத்தம்’ என்றிருந்தது பின்னர் ‘அருள்’ ஆனது. சொல் மாறியது, வேளை மாறவில்லை.

மணி காதில் விழாத அடுக்ககத்தில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அடுப்பு மணியும் நகர மணியும் செபமாக மாறியது போல, கடைக் கதவு இறக்கும் நேரமும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் ஏன் மாறக்கூடாது? கைப்பேசி அலாரம் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு குறையை மட்டும் மறைப்பதற்கில்லை. அலாரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கலாம், மணியைத் தள்ளிவைக்க முடியாது. அது ஊர் முழுவதுக்கும் பொது; நம் வசதியைக் கேட்டு அடிப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857க்கும் 1859க்கும் இடையில் வரைந்த திரிகால செப ஓவியத்தில் கிழங்கு தோண்டும் கருவி மண்ணில் குத்தி நிற்கிறது, கூடை காலடியில் கிடக்கிறது, தொப்பியைக் கழற்றிய ஆணும் கைகூப்பிய பெண்ணும் தலை குனிந்திருக்கிறார்கள். தொலைவில் ஒரு கோவில் கோபுரம், சிறியதாக. செபிப்பதற்காக அவர்கள் வயலை விட்டு எங்கும் போகவில்லை. கருவியிலிருந்து கையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.