பேரேட்டில் ஏறாத பெயர்

ஆலங்காயத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். ஆம்பூர்ச் சண்டையை வைத்து நான் எழுதிய நாவலைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். ஜவ்வாது மலைக் காற்று சுகமாக வீசிற்று. எனக்கும் உற்சாகம் பிறந்தது. ராபர்ட் ஓர்ம் என்ற வெள்ளைக்காரச் சரித்திராசிரியரை ஒரு பிடி பிடித்தேன்.

பிடிக்க இடம் இல்லாமலும் இல்லை. 1728-இல் அஞ்சுதெங்கில் பிறந்தவர். சென்னைக் கவுன்சிலில் உட்கார்ந்து, 1756-இல் கிளைவை வங்காளத்துக்கு அனுப்பச் சொன்னவர்களில் ஒருவர். பிறகு அந்தக் கிளைவின் யுத்தங்களுக்கே சரித்திரம் எழுதினார். முதல் பாகம் 1763-இல் வந்தது. 1769-இல் கம்பெனியே அவரைத் தன் சரித்திராசிரியராக்கிக்கொண்டது. வழக்காடியவரே தீர்ப்பும் எழுதினால் எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு, சீதோஷ்ணத்தால் இந்நாட்டார் வலுவிழந்து கோழைகளானார்கள் என்றும் எழுதிவைத்தார். அவர் நடையை மெச்சிய மெக்காலேகூட, அலுப்புத் தட்டும் அளவுக்கு நுணுக்கம் என்று குறைப்பட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் அடுக்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெரியவர் வந்தார். வாணியம்பாடித் தோல் மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவராம்.

"தம்பி, 1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு தரம் முட்டித் தோற்று, மூன்றாந்தரம் அரணைப் பிடிக்கிறார்களே, கிழ நவாபு அன்வருதீன் சந்தா சாகிபைத் தேடி யானையை ஓட்டிப் போய்க் குண்டடி பட்டுச் சாகிறாரே, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

விழித்தேன். சொன்னவர் ஓர்ம்தான். நவாபுக்கு 107 வயது என்றே அவர் எழுதுகிறார். 77 என்பாரும் உண்டு. எதுவானாலும், யானை மேலிருந்த அந்தக் கிழவர் ஓர்மின் சித்தாந்தத்தை ஓர்மின் புத்தகத்திலேயே பொய்யாக்கிவிடுகிறார். மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

பெரியவர் சிரித்தார். "மண்டியில் வேண்டாதவனிடமும் தோல் வாங்குவோம், தம்பி. அழுகினதைக் கழித்துவிடுவோம். ஆனால் விற்றவன் பெயரைப் பேரேட்டில் எழுதாமல் விடமாட்டோம்."

வீட்டுக்கு வந்து நாவலின் முன்னுரையைப் புரட்டினேன். புதுச்சேரியில் இருந்துகொண்டு அந்தக் காலத்தையே தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நன்றி கூறியிருந்தேன். பதிப்பாளருக்கும், நேரத்துக்குக் காப்பி கொடுத்த மனைவிக்கும்கூடக் கூறியிருந்தேன். ஓர்ம் பெயர் மட்டும் இல்லை.

அடுத்த பதிப்புக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். ஆலங்காயத்தில் வாங்கிய கைதட்டலைத்தான் எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று தெரியவில்லை.