தாய்லாந்துப் பெண்ணும் தயிர் சாதமும்

தாய்லாந்து தேசத்தில் தெரிந்தவர்கள் இருவர் சந்தித்தால், "கின் காவ் ரு யாங்?" என்று விசாரிப்பது சகஜம். "சோறு சாப்பிட்டாயிற்றா?" என்று அர்த்தம். நம் ஊரில் திண்ணைக்குத் திண்ணை கேட்கும் கேள்விதான். அமெரிக்காவில் இப்படி யாரும் கேட்பதில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்பார்கள், பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார்கள். பசித்தவர் சொல்லட்டும், உடனே கொடுப்போம் என்பது அந்த ஊர் நியாயம். பசித்தவர் வாய் திறப்பதற்கு முன்பே இலை போட்டுவிட வேண்டும் என்பது நம்முடைய நியாயம். இந்த இரண்டுக்கும் நடுவில் தாய்லாந்துப் பெண்கள் இருவர் அகப்பட்டுக்கொண்டு விழித்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

என் அக்கா மாசசூசெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். பத்திரிகை ஆபீசில் லீவு வாங்கிக்கொண்டு 2024 செப்டம்பரில் போன நான், ஐந்து மாதம் அவளோடு தங்கினேன். அவளுடைய பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வெறிச்சென்று கிடந்த மாடி அறையில், பள்ளி மாணவர் பரிவர்த்தனைத் திட்டத்தில் வந்த ஒரு தாய்லாந்துப் பெண்ணைக் குடிவைத்திருந்தாள். அதே திட்டத்தில் வந்த இன்னொரு பெண் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளிடம் இருந்தாள். ஒரு பள்ளி வருஷம் முழுவதும் படுக்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். இப்படி வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்க அரசாங்கத்தின் விதியே அப்படி. வீட்டில் மறுபடி ஒரு குழந்தைக் குரல் கேட்கும் என்பதுதான் சம்பளம்.

வந்த புதிதில், பள்ளிக்கூடப் பாரத்தில் எங்கள் பெண் தன் பிறந்த வருஷத்தை 2550 என்று எழுதிவிட்டாளாம். அத்தான் திகைத்துப்போனாராம். அவர்கள் தேசத்தில் புத்தர் சகாப்தம் அல்லவா? நம் காலண்டரைவிட 543 வருஷம் கூடுதல். கழித்துப் பார்த்தால் 2007.

மற்ற விஷயங்களில் அவள் எங்களுக்கு அந்நியமாகவே இல்லை. செருப்பை வாசலில் விடுவாள். காலையில் கைகூப்பி வணங்குவாள். அதற்கு அவர்கள் 'வை' என்று பெயர் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு முன்னால் காலை நீட்ட மாட்டாள். அக்காவை 'மே' என்று கூப்பிட்டாள். அம்மா என்று பொருள். என்னை 'நா' என்றாள். அம்மாவின் தங்கைக்கு அங்கே தனிப் பெயர் உண்டாம்! 'ஆன்ட்டி' என்ற ஒரே கோணியில் அத்தையையும் சித்தியையும் போட்டுக் கட்டுகிற ஊரில், ஒரு பெண் என்னைச் சித்தி என்று கூப்பிட்டதும் என் மனசு குளிர்ந்துவிட்டது.

அந்த மனசுக்குத்தான் அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை உண்டு. 'கிரேங் ஜை' என்பார்கள். கிரேங் என்றால் அஞ்சுவது. ஜை என்றால் மனசு. பிறத்தியார் மனசு நோகுமோ, அவர்களுக்குச் சிரமமாகுமோ என்று தனக்கு வேண்டியதைக்கூட வாய்விட்டுக் கேட்காமல் இருப்பது. நம் பாஷையில் சங்கோசம் என்று சொன்னால் பாதிதான் வரும். அவர்கள் அதைக் கூச்சமாக நினைப்பதில்லை. நல்ல வளர்ப்புக்கு அடையாளமாகவே நினைக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் தங்கமான மனுஷி. பெண் வந்த அன்றே குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டி, "இது உன் வீடு. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறாள். அமெரிக்க உபசாரத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணோ, பிறர் வீட்டுப் பெட்டியைத் தானாகத் திறப்பதைத் திருட்டுக்குச் சமானமாக நினைத்தாள். சாப்பாட்டு மேஜையில், "இன்னும் கொஞ்சம்?" என்று ஒரு தரம் கேட்பார்கள். "வேண்டாம்" என்பாள். இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று காத்திருப்பாள். கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவளை வற்புறுத்துவது அங்கே அநாகரிகம்.

சனிக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ரசம் சாதத்தை மூன்றாம் தரம் வாங்கிக்கொண்ட அவளுடைய மணிக்கட்டை அக்கா உற்றுப் பார்த்தாள். வந்தபோது இறுக்கமாக இருந்த கடிகாரம் வளையல் மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் பெண் மூலமாக மெல்ல விசாரித்தோம். பாதி நாள் ரொட்டித் துண்டோடு படுத்துக்கொள்கிறாளாம். ராத்திரி வீட்டுச் சூட்டை 62 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்கள். நம் கணக்கில் 17 டிகிரி. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டையும் மாட்டிக்கொண்டு நடுங்கியபடி தூங்குகிறாளாம். மாதாமாதம் விசாரிக்க வருகிற பொறுப்பாளரிடமும், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே சொல்லியிருக்கிறாள்.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மே! என்னை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. அந்த அம்மா மனசு உடைஞ்சுபோகும்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிரவு அக்கா தூங்கவில்லை. சொன்னால் அண்டை வீட்டு நட்புக்கே ஆபத்து. இருபது வருஷத்துப் பழக்கம். சொல்லாவிட்டால் பிறத்தியார் பெற்ற குழந்தை பட்டினி கிடக்கும். விடிந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

அக்கா சொல்லி முடித்ததும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "நான் கேட்டேனே! வேண்டாம் என்றாளே! அவள் சொன்னதை நம்பினேனே!" என்றாள். பிறகு விறுவிறுவென்று நடைபாதை அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஏழெட்டுக் கம்பளிகள் மடித்து அடுக்கியிருந்தன. பெண்ணின் அறைக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை.

அழுது முடித்து அவள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. அன்று மாலையே ஒரு மின்சார அரிசிக் குக்கர் வாங்கி வந்தாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தப் பெண் ஏதாவது ஒன்று 'வேண்டும்' என்றோ, ஏதாவது ஒன்று 'வேண்டாம்' என்றோ சொல்லியே தீர வேண்டும். சொல்லும் வரையில் யாரும் மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது! முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்றாம். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "மீன் சாஸ்" என்றாளாம். அந்த வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டே அம்மாள் வாங்கி வந்தாள்.

நவம்பரில் அவளே தைரியமாக, "வாழை இலை வேண்டும்" என்றாள். 15ஆம் தேதி பௌர்ணமி. அவர்களுக்கு லோய் கிரதோங் பண்டிகை. இலையில் சிறு தெப்பம் செய்து, பூவும் பத்தியும் மெழுகுவத்தியும் வைத்து, தண்ணீரில் மிதக்க விடுவார்கள். ஒரு வருஷமாக நீரை அசுத்தம் செய்ததற்கு 'மே கொங்கா'விடம் மன்னிப்புக் கேட்பார்களாம். யார் அந்த மே கொங்கா என்கிறீர்களா? நம் கங்கா மாதாதான்! அம்மாள் காரை எடுத்துக்கொண்டு போய், ஆசியக் கடையில் உறைய வைத்த வாழை இலைக் கட்டு ஒன்று வாங்கி வந்தாள். அன்றிரவு ஊர்க் குளத்தில் இரண்டு தெப்பங்கள் மிதந்தன. குளிரில் எல்லோருக்கும் பல் கிட்டியது. யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

சரி, எங்கள் பெண்? அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை அக்கா. தாகம் எடுப்பதற்கு முன் தண்ணீர், குளிர் எடுப்பதற்கு முன் போர்வை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறப்பதில்லை என்று புகார் வந்தது. குருவுக்கு முன் மண்டியிட்டு வணங்கும் சம்பிரதாயத்தில் வளர்ந்தவள். இங்கே ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்டால்தான் மார்க்கு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு நாள், "கோபித்துக்கொள்ளாதே. அவள் பேச வேண்டியதை எல்லாம் நீயே பேசிவிடுகிறாய்" என்று அக்காவிடம் பக்குவமாகச் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சட்டத்தை எங்கள் வீட்டிலும் போட்டாள்.

மூன்றாம் நாள் ராத்திரி. எங்கள் பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகூப்பி வணங்கிவிட்டு, "மே... தயிர் சாதம் வேண்டாம்" என்றாள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். வந்த நாள் முதல் தினமும் சிரித்துக்கொண்டே அவள் சாப்பிட்ட தயிர் சாதம்! அவர்கள் ஊரில் புளித்த தயிரைச் சோற்றில் பிசைகிற வழக்கமே கிடையாதாம். மூன்று மாதமாக ஒரு வாய் விடாமல் விழுங்கியிருக்கிறாள், அக்காவின் மனசுக்காக. அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டு, சிவந்த கண்ணோடு திரும்பி வந்தாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரையும் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப் போனோம். தாய்லாந்து மன்னராக 1946 முதல் 2016 வரை இருந்த பூமிபோல் அதுல்யதேஜ் பிறந்தது இந்த ஊரில்தான், 1927 டிசம்பர் 5ஆம் தேதி. அப்போது அவருடைய தகப்பனார் ஹார்வர்டில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். ஹார்வர்டு பக்கத்திலேயே மன்னர் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது. பெண்கள் இருவரும் பனியில் நின்று வணங்கினார்கள். நான் நினைத்ததோ மன்னரின் தாயாரை. ராஜ வம்சமில்லாத, பெற்றோரை இழந்த ஏழைப் பெண் அவர். 1917ஆம் வருஷம் செவிலியர் படிப்புக்கு உபகாரச் சம்பளம் பெற்று, கடல் கடந்து அமெரிக்கா வந்தபோது அவருக்கும் இந்தப் பெண்களின் வயசுதான். எத்தனை மேஜைகளில் அவரும் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பசியோடு எழுந்தாரோ!

நம் வீடுகளிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். புதிதாக வந்த மருமகள், படிப்புக்காக வந்து தங்கியிருக்கும் உறவுக்காரப் பெண், வேலைக்கு வரும் சிறுமி. "வேண்டாம்" என்றால் இன்னொரு தரம் கேளுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று பயமில்லாமல் சொல்லவும் இடம் கொடுங்கள்.

2025 ஜூனில் பெண்கள் ஊர் திரும்பினார்கள். எங்கள் பெண்ணின் தாயார் அக்காவுக்குச் செல்போனில் எழுதியிருந்தாள்: "என் மகள் இப்போது வீட்டில் 'எனக்கு இது வேண்டாம், அம்மா' என்கிறாள். கேட்க முதலில் கஷ்டமாக இருந்தது. சமைக்க இப்போது சுலபமாக இருக்கிறது."