நெல்லிக்குப்பத்துக் கரும்பும் மூன்று கிளட்சுகளும்

பெயரில் நெல்லி இருக்கிறது. ஊரில் இருப்பதோ கரும்பு. கடலூரிலிருந்து பண்ருட்டி சாலையில் பஸ் ஏறினால், பக்கத்து ஸீட்டுக்காரரிடம் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் நெல்லிக்குப்பம் வந்துவிடும். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இரண்டு ஆறுகளும் காலம் காலமாகக் கொண்டு வந்து போட்ட வண்டலில், கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கிறது.

சென்னையில் 'பாரிமுனை' என்ற பெயருக்குக் காரணமான தாமஸ் பாரி 1788-ல் தொடங்கிய கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. 1842-ல் நிறுவப்பட்டது என்று கணக்கு. நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் கருப்பட்டியும் வெல்லமும் போட்டுக் காப்பி குடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த ஊர் சர்க்கரை காய்ச்சத் தொடங்கிவிட்டது!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறதே கருஞ்சிவப்புக் கரும்பு, அது வேறு ஜாதி. அது கடிப்பதற்கு. ஆலைக்குப் போகும் கரும்பு மெலிந்தது, கெட்டியானது, பல்லைப் பதம் பார்த்துவிடும். இந்த ஆலைக்கரும்பு வம்சத்துக்குத் தாய்வீடு கோயம்புத்தூர். 1912-ல் அங்கே தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர் துரையும் வெங்கடராமன் என்ற நம்மவரும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அதில் பிறந்த சந்ததிதான் பிற்பாடு தேசமெங்கும் பரவியது.

இத்தகைய கரும்பில் நூறு கிலோ நசுக்கினால் ஒன்பது, பத்துக் கிலோ சர்க்கரை கிடைக்கும். ஆனால் கரும்பு பொறுமைசாலி அல்ல. வெட்டிய நிமிஷத்திலிருந்து அதில் ஈரம் குறைகிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையே உடைந்து வேறு பொருளாக மாறத் தொடங்குகிறது. ஒரு நாளைக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எடையும் போயிற்று, சத்தும் போயிற்று. விவசாயிக்குப் பணம் எடைக்குத்தானே!

ஆகவே அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரே அவசரம். ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள், இப்போது டிராக்டர்கள். பின்னால் டிரெய்லரில் கரும்பு மலைபோல் ஏறியிருக்கும். இரண்டு டன் எடையுள்ள வண்டி, ஏழெட்டு டன் பாரத்தை இழுக்கிறது. அதற்கு மேல் ஏற்றுகிறவர்களும் உண்டு. மாடு களைத்தால் படுத்துக்கொள்ளும். டிராக்டர் படுப்பதில்லை, அதற்குப் பதிலாக ஒரு நாற்றம் வரும். கருகிய நாற்றம். அந்த வாடை மூக்கில் பட்டதுமே டிரைவர் முகம் மாறிவிடுகிறது. "கிளட்ச் போச்சு!"

நான் பார்த்த டிராக்டர் ஒரு பட்டறை வாசலில் நடுவாக இரண்டாய்ப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம், இடையிலே ஆள் நுழைந்து போகலாம். கிளட்சை மாற்றுவதென்றால் டிராக்டரை இப்படித்தான் பிளக்க வேண்டுமாம். வண்டிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் மனைவிதான்.

"இந்த ஒரு சீசன்ல இது மூணாவது தரமுங்க. முதல் தரம் கையிருப்பு. ரெண்டாவது தரம் என் சங்கிலி. இப்ப என்னாத்தை வைக்கிறது? ஒவ்வொரு தரமும் புது பிளேட்டுதான் போடுறாங்க. அது ஒரு மாசம் தாங்கலை."

கிளட்ச் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு தோசைக்கல், நடுவிலே ஓர் அடை. இரண்டு கற்களும் இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகின்றன. அடை மட்டும் சக்கரங்களுக்குப் போகும் தண்டோடு இணைந்தது. கற்கள் அடையை இறுகப் பிடித்தால் அடையும் சுற்றும், வண்டி நகரும். பெடலை மிதித்தால் பிடி விடும். இஞ்சின் ஓடும், வண்டி நிற்கும். முழுப் பிடி, அல்லது முழு விடுதலை, இரண்டிலும் ஆபத்தில்லை. பாதிப் பிடிதான் வினை! மார்கழிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், எப்படிச் சுடுகிறது? அப்படித்தான் கல்லும் அடையும் உரசி, சூடேறி, அடை கருகுகிறது. டிரைவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஹாஃப் கிளட்ச்'.

காரை விட டிராக்டருக்கு இந்தச் சோதனை அதிகம். கரும்பு ஏற்றிய வண்டி முதலில் கொல்லையிலிருந்து சாலைக்கு ஏற வேண்டும். மண் இளக்கம், சக்கரம் புதைகிறது, எதிரே மேடு. 2015-லும் 2024-லும் வந்ததைப் போல ஆறு கரை புரண்ட வருஷங்களில் கேட்கவே வேண்டாம். டிரைவர் இஞ்சினை அலற விட்டு, பெடலைப் பாதியில் வைத்து, வண்டியை 'உருவி' எடுக்கப் பார்க்கிறார். பிறகு சாலை, சாலையில் நெரிசல். பிறகு வரிசை. கரும்பு வண்டிகள் எங்கே வரிசை கட்டினாலும் பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. ஒவ்வொரு பத்தடிக்கும் அத்தனை டன்னையும் நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். ஒரு கிளட்சின் ஆயுள் வயலில் கொஞ்சம், வரிசையில் மிச்சம் என்று தீர்ந்துவிடுகிறது.

பட்டறை மேஸ்திரி ஐம்பது வயசுக்காரர். பழைய பிளேட்டை விரலால் சுண்டி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாரு தங்கச்சி. தேஞ்சு போனா அது வயசாளி மாதிரி, சீரா தேயும். இது தேயலை, வெந்திருக்கு. இந்த ஓரத்தில பாரு, எண்ணெய்."

இஞ்சினின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கிளட்சின் மேல் எண்ணெய் விழுந்திருக்கிறது. எண்ணெய் பட்ட பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூடானால் கருகல். முன் இரண்டு தடவையும் வேறெங்கோ வேலை செய்தவர்கள் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, சீலைத் தொடவே இல்லை. ஃபிளைவீலின் முகமும் நீலம் பாய்ந்து, மேடு பள்ளமாகிக் கிடந்தது. அதை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல் புதுப் பிளேட்டை வைப்பது, கோணல் கல்லில் அடை வார்ப்பது போலத்தான். பிடிக்கிற இடத்தில் கருகும், பிடிக்காத இடத்தில் வேகாது.

"சீலு அவ்வளவு வெலையா அண்ணே?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பிளேட்டு வெலையில அது ஒரு மூலைக்குக் காணாது."

அவள் புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

மேஸ்திரி அதோடு விடவில்லை. பெடலைக் கையால் அழுத்திக் காட்டினார். தொட்டவுடனே கெட்டி. அப்படி இருக்கக் கூடாதாம். முதலில் ஓர் அங்குலம் போல சும்மா இறங்க வேண்டும். அப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அவ்வப்போது திருகிச் சரி செய்யாவிட்டால், யாரும் மிதிக்காமலேயே கிளட்ச் சதா பாதி மிதித்த நிலையில் இருக்கும்! இது போதாதென்று, ஓட்டும்போது காலைப் பெடலின் மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு. அந்த வண்டியின் கிளட்ச் பெடலில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. பக்கத்துப் பிரேக் பெடலில் வரிகள் புத்தம் புதிதாக இருந்தன. சாட்சி சொல்ல வேறு ஆள் வேண்டுமா?

"கால் வேற எங்க வைக்கிறது?" என்றார் வண்டிக்காரர், அன்று முதல் முறையாக வாயைத் திறந்து.

நியாயமான கேள்விதான். பல டிராக்டர்களில் இரட்டைக் கிளட்ச். பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும். முழுக்க அழுத்தினால்தான் பின்னால் ரோட்டவேட்டரைச் சுற்றும் தண்டும் நிற்கும். ஐப்பசியில் சேடை ஓட்டும்போது பாதியில் நிறுத்திப் பழகிய கால், தை மாசத்தில் கரும்புப் பாரத்தோடும் அதையே செய்கிறது. சேற்றில் ஓடிய வண்டிக்கு இன்னொரு சங்கடம்: கிளட்ச் கூட்டின் அடியில் கசிவு வடிவதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. அது சேறடைத்துக்கொண்டால் எண்ணெயும் தண்ணீரும் உள்ளேயே தேங்கும். ஒரு துளைக்கு ஒரு கம்பி போதும். ஆனால் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். மேஸ்திரியின் அபிப்பிராயத்தில் அது இங்கே முக்கியமே அல்ல. டாஃபே நிறுவனம் 1960-ல் தோன்றி, சென்னை செம்பியத்தில் மாஸி ஃபெர்குஸன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன. கிளட்சின் சுபாவம் ஒன்றுதான்.

பட்டறையில் ஒரு பையன், பிரித்த கூட்டுக்குள் வாயால் ஊதிப் புழுதியைப் பறக்க விட்டான். மேஸ்திரி அதட்டினார். அதட்டியது சரி. பழைய காலத்துக் கிளட்ச் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும்; அதன் தூசி நுரையீரலுக்கு எமன். கல்நார் வேலைக்குப் போன ஆண்களின் சட்டையை உதறித் துவைத்தே நோய்வாய்ப்பட்ட பெண்கள் வெளிநாடுகளில் உண்டு. பட்டறை வேலைக்காரர் இருக்கும் வீடுகளில், அந்தத் துணியை உதறாமல் நேரே தண்ணீரில் நனைப்பது நல்லது.

சாயங்காலம் வண்டி ஒன்று சேர்ந்தது. அந்த அம்மாளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. நடை எத்தனை, டன் எத்தனை, டீசல் எவ்வளவு, வெட்டாள் கூலி எவ்வளவு என்று பிசிறில்லாத கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். கிளட்ச் என்று தனியாக ஒரு பத்தி. அதில் மூன்று வரி. சீல் விலையை அதற்குக் கீழே குறித்தாள். பிறகு பென்சிலால் வேறொரு கணக்குப் போட்டாள். ஒரு நடைக்கு ஒன்றரை டன் குறைத்து ஏற்றினால் என்ன ஆகும்?

"பத்து நடை போற இடத்தில பன்னெண்டுக்கு மேல ஆவும். டீசல் யார் தருவா?" என்றார் அவர்.

"கிளட்ச் மட்டும் யார் தர்றா?" என்றாள் அவள்.

மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். டீசல் கணக்கில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. சங்கிலிக் கணக்கில் அவள் பக்கம். முடிவு தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் கடலூர் பஸ் வந்துவிட்டது. அந்த டிராக்டர் கிளம்பும்போது அவள் டிரெய்லரின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முன்னால் எட்டி, புருஷனின் இடது காலையே கவனித்துக்கொண்டிருந்தாள்.