வெறிதே கிடக்கும் தொட்டில்

கணினியியல் பயிலும் எம் விடுதித் தோழர் ஒருவர், சென்ற ஆண்டில் தம் பயிற்சிக்கென ஒரு செயலியை வரைந்து காட்டவேண்டியவராய், அதற்கு எம்மைத் துணைக்கு அழைத்தார். நன்னூலும் உரையுமாய்க் காலங்கழிக்கும் தமிழ் மாணவர்க்குச் செயலியோடு யாது தொடர்பு என்று விடுதியார் நகைத்தனர். நகைத்தது தவறன்று, கைபேசியைத் திறப்பதன்றி அதனுள் நிகழ்வது ஒன்றும் யாம் அறியோம். ஆயினும் தோழர் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டபின் எம்மால் விலக இயலவில்லை. அமெரிக்கப் படைவீரர் குடும்பங்கள், தமக்குரிய குழந்தைக் காப்பக இடம் சின்னாள் வெறிதே கிடக்குங்கால், அதனை வேறொரு வீரர் குடும்பத்திற்கு இரவலாக அளிக்க வழிசெய்யுஞ் செயலி அது. அந்நாட்டு விமானப்படையில் 'கிண்டர்ஸ்பாட்' என்னும் பெயரால் அத்தகையது ஒன்று முன்னரே தோன்றியுளது. அதனைப் பாராமல், தாமே முதலிலிருந்து எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது தோழரின் விருப்பம்.

எம் தந்தையார் பட்டாளத்தில் அவில்தாராய் இருந்தவர். ஐந்தாம் வகுப்பை எட்டுமுன் மூன்று பள்ளிகளை யாம் கண்டோம். ஆகவே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டை கட்டும் குடும்பத்தின் நிலையை எமக்கு ஒருவர் விளக்கவேண்டியதில்லை. புதிய ஊரில் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. தாயும் வேலைக்குச் செல்பவளாயின், பிள்ளையை எங்கு விடுவது என்பதே முதல் வினா.

அமெரிக்கர் இவ்வினாவை எண்ணாதவர் அல்லர். 1989-ஆம் ஆண்டில் படைவீரர் குழந்தைக் காப்புக்கெனத் தனிச் சட்டமே இயற்றினர். படைத்தளங்களில் உள்ள குழந்தை வளர்ச்சி நிலையங்கள் பிறந்து 6 வாரமான சிசு முதல் 5 வயதுப் பிள்ளை வரை ஏற்கின்றன. குடும்ப வருவாய்க்கு ஏற்பக் கட்டணம் ஏறியும் இறங்கியும் அமைகிறது. இவ்வளவு இருந்தும் காத்திருப்போர் பட்டியல் நீளுகின்றது. அதே வேளையில், விடுப்பில் ஊருக்குச் சென்ற குடும்பத்தின் இடமும், பேரனைக் காண வந்த பாட்டியிடம் ஒரு மாதம் விடப்பட்ட பிள்ளையின் இடமும் வாளா கிடக்கின்றன. ஒருபுறம் நெருக்கம், ஒருபுறம் வெறுமை.

இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் முடிந்தது என்று தோழர் எண்ணினார். யாமும் அவ்வாறே எண்ணி, இது பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை அன்றோ என்று மகிழ்ந்தோம். தாளில் வரையத் தொடங்கியதும் அம்மகிழ்ச்சி தளர்ந்தது.

இடம் என்பது வெறும் இடம் அன்று. சிசுக்கள் அறையில் நால்வருக்கு ஒரு செவிலி. இரண்டு வயதினர் அறையில் எழுவருக்கு ஒருவர். எனவே சிசுவின் தொட்டில் ஒழிந்ததென்று அங்கே நான்கு வயதுச் சிறுவனை அமர்த்தலாகாது. வயதும், நாளும், நிலையமும் ஒத்தாலன்றி இணைப்பு இல்லை. தடுப்பூசிச் சான்று முதலியன முன்னரே நிலையத்தார் கையில் இருத்தல்வேண்டும். இரண்டு வார இரவலுக்குப் பத்து நாள் பத்திரம் நிரப்பினால் எஞ்சுவது என்ன?

அடுத்தது அச்சம். கொடுத்தவள் தன் இடத்தை இழந்துவிடுவாளோ? ஓராண்டு காத்திருந்து பெற்றதை யார் எளிதில் கைநெகிழ்வர்? இன்ன நாளில் இடம் தன்னிடமே மீளும் என்பதும், அதுவரையிற் கட்டணச் சுமை தன் மேல் இல்லை என்பதும் திரையின் தலைப்பிலேயே நிற்கவேண்டும் என்றோம். பொத்தானின் நிறத்திற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்ட தோழர், இதனைக் கீழே சிறிய எழுத்தில் இட்டால் போதும் என்றார். யாம் இசையவில்லை.

பெரும் பூசல் எழுந்தது வேறோர் இடத்தில். இடம் ஏன் ஒழிந்தது என்று கொடுப்பவரும், ஏன் வேண்டும் என்று கேட்பவரும் எழுதும்படி இரண்டு கட்டங்களைத் தோழர் வரைந்திருந்தார். வீரன் எப்பொழுது வீட்டில் இல்லை, எவ்வளவு நாள் இல்லை என்பது ஊரறிய எழுதத்தக்கதா? பகைவர்க்கும் பயன்படும், கள்வர்க்கும் பயன்படும். கேட்பவர் கட்டமோ எமக்கு இன்னும் கசந்தது. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியபொழுது, அவளை வெட்கப்படுத்தலாகாது என்று அவன் தன் வேலைக்காரர்க்குக் கட்டளையிட்டானே. இரப்பவள் தன் இல்லாமையைப் பத்து வரியில் விரித்தெழுதிய பின்னரே கதவு திறக்குமாயின், அவள் எழுதாமலே போய்விடுவாள். இரண்டு கட்டங்களும் நீங்கின. அன்றிரவு தோழர் எம்மோடு உணவுண்ண வரவில்லை.

இச்செயலி ஒரு தொட்டிலையேனும் புதிதாகச் செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். செவிலியர் போதாமையால் பூட்டிக் கிடக்கும் அறையை இது திறவாது. உள்ள வெறுமையை உரியவரிடம் சேர்க்கும், அவ்வளவே. மூன்று வாரம் பணிக்குச் செல்ல வழியின்றித் தவிக்கும் தாய்க்கு அவ்வளவும் பெரிதுதான்.

படம் ஏறக்குறைய முடிந்த நாளில் எம் தங்கையை நினைத்துக்கொண்டோம். அவளுக்கு ஒன்றரை வயதாய் இருந்தபொழுது, அன்னையார் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், அடுத்த வீட்டில் இருந்த வடநாட்டு அம்மையாரிடம் அவளை விட்டுச் சென்றார். நல்ல அம்மையார், தமிழ் அறியார். பிள்ளை 'இங்கா, இங்கா' என்று நண்பகல் முழுதும் அழுதிருக்கிறாள். யாரையோ பெயர்சொல்லி அழைக்கிறாள் என்று கருதிய அவர், அவளைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பின் வாயில்தோறும் சென்று காட்டினாராம். பால் அடுப்பங்கரையிலேயே இருந்தது.

இதைத் தோழரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் தாளை இழுத்து, இடம் பெறுவோர் நிரப்பும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்தார். பால், தண்ணீர், உறக்கம், அம்மா: இவற்றைப் பிள்ளை எந்தச் சொல்லால் கேட்கும் என்று அதன் மேல் எழுதினார். பிறகு எம்மைப் பார்த்து, எத்தனை எழுத்துக்கு இடம் விடலாம் என்று வினவினார்.