உறுமலின் ஊற்றுக்கண்

தமிழ்த்துறை மலரில் ஒலிபெருக்கியின் பழுது குறித்து எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இலக்கியங்கள் எனக்குக் கற்பித்த பாடங்களுக்கு இணையான பாடமொன்றைப் பழைய இரும்புப் பெட்டி ஒன்று கற்பித்தது. அதனை மாணவக் கண்மணிகளோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் அத்தா எங்கள் ஊரில் மைக் செட் கடை நடத்தியவர். திருமண வீடாயினும் மீலாது மேடையாயினும் அங்கே முழங்குவது அவருடைய வால்வு ஆம்பிளிஃபயரே. மைக்கின் மெல்லிய ஒலியை முதலில் வாங்கிப் பெருக்க ஓர் இசிசி 83, ஸ்பீக்கரை இயக்க இரண்டு இஎல் 34, மாறுமின்சாரத்தை நேர்ப்படுத்த ஒரு ஜிஇசட் 34 என்பன அதன் முக்கிய உறுப்புகள்.

1984ஆம் ஆண்டு மீலாது விழாவன்று மௌலவி அவர்கள் பேசத் தொடங்கியதும் வண்டுக் கூட்டம் இரைவதுபோல் ஓர் உறுமல் எழுந்தது. மெக்கானிக்குகள் இதனை ‘ஹம்’ என்பர். கூட்டம் சலசலத்தது. நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு மாணவன். படித்த செருக்கோடு, “அண்ணன் நேற்று வால்வு சாக்கெட்டுக்கு ஈயம் வைத்தார், அதில்தான் பழுது” என்று கடையின் மூத்த மெக்கானிக்கைச் சுட்டினேன். சபை நடுவே அத்தா அவரைக் கடிந்துகொண்டார். மறுநாள் முதல் அந்த அண்ணன் கடைக்கு வரவில்லை. சில நாளில் டிரான்சிஸ்டர் செட் ஒன்று வந்தது. பழைய பெட்டி பரணேறியது.

அத்தா வஃபாத்தான பின், 2009இல், அப்பெட்டியை இறக்கினேன். அத்தா எனக்குச் சொல்லித் தந்த முறைகள் நினைவில் இருந்தன. முதலாவது எச்சரிக்கை. சுவிட்சை அணைத்த பின்னும் கண்டன்சர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். அதனை ரெசிஸ்டர் வழியே வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். நெடுநாள் உறங்கிய பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் தராமல், 100 வாட் சீரியல் பல்பு வழியே தர வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தோடு நிலைத்து எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

பல்பு மங்கியது; பெட்டி உயிர்பெற்றது; உறுமலும் உடன் வந்தது. வால்யூமை முற்றாகக் குறைத்தும் அது அடங்கவில்லை. ஆகவே குற்றம் வால்யூமுக்கு முன்னால் இல்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. இவ்வகைப் பெட்டியில் அதனை நேர்ப்படுத்தும்போது 100 துடிப்பாக இரட்டிக்கிறது. அத்துடிப்பை மட்டுப்படுத்துவதே ஃபில்டர் கண்டன்சர்களின் பணி. அவற்றின் உள்ளிருக்கும் திரவம் ஆண்டுகள் பலவற்றில் உலர்ந்துபோயிருந்தது. புதியன மாற்றினேன், பேருறுமல் ஓய்ந்தது.

ஆனால் மெல்லியதோர் உறுமல் எஞ்சியது. முன்னதைவிட ஒரு ஸ்தாயி கீழே, 50இன் குரலில் அது ஒலித்தது. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது. ஆகவே இது மைக்கின் பக்கத்திலிருந்து வருவது. பெட்டியை அணைத்து, இசிசி 83ஐக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினேன், அமைதி. வேறொரு நல்ல வால்வைப் பொருத்தினேன், மீண்டும் உறுமல். வால்வு குற்றமற்றது. அண்ணன் ஈயம் வைத்த சாக்கெட்டை ஒவ்வொரு காலாகச் சோதித்தேன். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வேலை முத்துப் பதித்தாற்போல் இருந்தது.

அப்போதுதான் ஒரு பச்சைக் கம்பி கண்ணில் பட்டது. மைக் சாக்கெட்டிலிருந்து டிரான்ஸ்பார்மரின் காலடிக்குச் சென்றது அது. கோணல்மாணலான அந்த ஈயப் பற்றை நான் அறிவேன். பாடநூலில் ‘எர்த்’ பற்றிப் படித்த ஆர்வத்தில், அவ்விழாவுக்கு முந்திய வாரம், எவரிடமும் கேளாமல் நான் வைத்தது. சாக்கெட்டுக்கு ஏற்கெனவே உறைக்கம்பி வழியே எர்த் இருந்தது. என் கம்பி இரண்டாம் வழியைத் திறந்து ஒரு வளையத்தை உண்டாக்கியது. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அவ்வளையத்தில் உறுமலை விதைத்தது. பெட்டிக்குப் பாதுகாப்பளிக்கும் மின்னிணைப்பின் எர்த்தை ஒருபோதும் அறுக்கலாகாது. நான் அறுத்தது அதையன்று. மிகையாய் நின்ற என் பச்சைக் கம்பியை. உறுமல் அற்றுப்போனது.

அண்ணனைத் தேடிச் சென்றேன். முதுமை அவர் பார்வையை மங்கச் செய்திருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு தம் விரல்களைத் தடவியவாறே, “அப்ப, அது என் கைப்பழுது இல்லையா தம்பி?” என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகள் அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தம் கையையே சந்தேகித்திருக்கிறார். என் கரத்தைப் பற்றி அவர் துஆச் செய்தபோது நான் தலை நிமிரவில்லை.

அன்பு மாணவர்களே! பழுதைத் தேடும்போது ஒவ்வொன்றாய் விலக்கிப் பாருங்கள். சோதிக்காத ஒன்றின்மீது குற்றம் சாட்டாதீர்கள். சோதிக்க வேண்டியவற்றின் வரிசையில் உங்கள் கையை முதலாவதாக வையுங்கள். நான் அதனைக் கடைசியில் வைத்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.