ரிக் வண்டியும் கணினிப் பதிவும்: திருவண்ணாமலையின் ஆழ்துளைக் கிணறுகள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட், கிரானைட் ஆகிய கடும்பாறைகளின் மேல் அமைந்திருப்பதால், நிலத்தடி நீர் அங்கே சீராகப் பரவி நில்லாமல், மேலடுக்கிலுள்ள சிதைவுற்ற பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒரு மனையில் நீர் கிடைத்த ஆழத்தில் அடுத்த மனையில் வறண்ட கல்லே கிடைப்பது இதனால்தான். துளையிடும்போது எந்த ஆழத்தில் எவ்வகைப் பாறை, எங்கே வெடிப்பு, எவ்வளவு நீர் என்பவற்றை வரிசையாகக் குறித்து வைக்கும் ஆவணமே ஆழ்துளைப் பதிவு எனப்படுகிறது.

இப்பதிவு பிறக்கும் இடம் துளையிடும் ரிக் வண்டியின் அருகே. கம்ப்ரசர் செலுத்தும் அழுத்தக் காற்று, துளையின் அடியிலுள்ள ஹேமரை இயக்கிப் பாறையை நொறுக்குவதோடு, நொறுங்கிய தூளையும் மேலே தள்ளுகிறது. செம்மையும் பழுப்புமாக வந்த தூள் சாம்பல் நிறத்துக்கு மாறினால் சிதைவடுக்கு முடிந்து கெட்டிப் பாறை தொடங்கியது என்றும், துளைத்தண்டாகிய ராடு திடீரெனத் தடையின்றி இறங்கினால் "கேப்" விழுந்தது, அதாவது வெடிப்பு எதிர்ப்பட்டது என்றும் தொழிலாளர் உணர்ந்துகொள்கின்றனர். மண் சரியாதிருக்கச் சிதைவடுக்கு வரை கேசிங் பைப் இறக்கப்படுகிறது. கூலி அடிக்கணக்கில் என்பதால் இறக்கிய ராடுகளின் எண்ணிக்கை கவனமாக எண்ணப்படுகிறது. ஆனால் மொத்த ஆழமும் கேசிங் நீளமும் ரசீதில் ஏற, நீர் வந்த ஆழமும் பாறை மாறிய இடமும் பெரும்பாலும் வாய்மொழியோடு நின்றுவிடுகின்றன.

இக்குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டால், லாக்பிளாட், ஸ்ட்ராட்டர், ராக்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் அவற்றை அட்டவணையாகப் பெற்று, பாறைக்குரிய குறியீடு, துளையிட்ட நேரம், கேசிங், நீர்மட்டம் ஆகியவற்றை ஒரே ஆழ அளவுகோலில் அடுத்தடுத்த பத்திகளாக வரைந்து தருகின்றன. ஒவ்வொரு கிணற்றின் இருப்பிடமும் கடல்மட்டத்திலிருந்து அதன் தரை உயரமும் சேர்க்கப்பட்டால், பல கிணறுகளை இணைத்து நிலத்தடிக் குறுக்குவெட்டும் பெறலாம். தரை உயரத்தை விட்டுவிட்டால், மலையடிவாரத்துக் கிணறும் சமவெளிக் கிணறும் ஒரே மட்டத்தில் நிற்பதாகப் படம் பிழைபடும்.

எனினும் வரைபடத்தின் நேர்த்தி தரவின் உண்மைக்குச் சான்றாகாது. ஆழம் கூடக் கூடத் தூள் மேலே வரத் தாமதமாகும். மேலடுக்குத் துகளும் அதனோடு கலக்கும். வெளியேறும் நீரோ அதுவரை கடந்த எல்லா வெடிப்புகளின் கூட்டுத்தொகை. "ஒன்றரை இஞ்ச் தண்ணீர்" என்னும் வழக்குச் சொல், முக்கோண வெட்டுடைய தகட்டின் வழியே நீரை ஓடவிடுவது போன்ற முறையில் அளந்தாலன்றி, வினாடிக்கு இத்தனை லிட்டர் என்னும் திட்ட அளவாகாது. இரு கிணறுகளுக்கிடையே மென்பொருள் இழுக்கும் கோடு கணிப்பு மட்டுமே. கடும்பாறை வெடிப்புகள் அக்கோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை.

கைவிடப்பட்ட கிணறுகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறைகள், துளையிடும் நிறுவனங்களின் பதிவையும் மாவட்ட அளவில் கிணறுகளின் கணக்கையும் கட்டாயமாக்கின. அவை பாதுகாப்புக்கானவை, பாறையின் விவரம் காக்கப்படுவது உரிமையாளர் கேட்பதைப் பொறுத்தது. எனவே கிணறு தோண்டச் செய்வோர், இறுதி ரசீதோடு, ராடுவாரியாகப் பாறை நிறம், கேப் விழுந்த ஆழம், நீரளவு ஆகியவற்றைத் தொழிலாளரிடம் எழுதிப் பெறவேண்டும். அத்தாள் இன்றி எந்த மென்பொருளும் பயன்படாது.